பதினைந்தாம் எண் வீட்டின் நடுச்சுவர்

ஜூன் 3

தம்பி,

பதிவுத் தபால் என்றால் நீ கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகவேண்டும். அதற்காகத்தான் இந்த வழி. பதினோரு வருடமாக என் போனை எடுக்காதவன் இப்போது மட்டும் எடுப்பான் என்று மூன்று நாள் விடாமல் அழைத்தேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. பக்கத்து வீட்டை, பதினான்காம் எண்ணை, ஒரு கட்டுமானக் கம்பெனி வாங்கி இடித்துவிட்டது. எப்போதோ பழசை இடித்துக் கான்கிரீட்டில் கட்டிய வீடு என்பதால் அது நீ தயாரித்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இல்லை. கேட்க நாதியும் இல்லை. இப்போது வண்டி நிறுத்தக் கீழ்த்தளம் வேண்டுமென்று பள்ளம் தோண்டுகிறார்கள். அந்தப் பக்கத்துச் சுவரில் மேலிருந்து தரைவரை விரிசல். திங்கட்கிழமை ஒரு தாள் நுழைந்தது. இன்று என் சுண்டுவிரல் நுழைகிறது.

உன் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதமாகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் அவருடைய கட்டில்.

மாநகராட்சி இன்ஜினியர் நேற்று வந்தார். உள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்று ஒரு வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "பயப்படாதீங்கம்மா. உங்க வீட்டுல நடுச்சுவர் இருக்கு. அது இருக்கிற வரைக்கும் இந்தச் சுவர் எங்கயும் சாயாது" என்றார். முட்டுக் கொடுக்கத் தேவையில்லை, தோண்டுவதை நிறுத்தவும் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வரைபடத்தின் மூலையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு நீ தெருவையே அளந்தபோது போட்டது. நடுச்சுவரை நாங்கள் எடுத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. இல்லாத சுவரை நீ எப்படி வரைந்தாய்?

இன்ஜினியரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் உள்ள வீட்டின் உள்சுவரில் கை வைப்பது குற்றம் என்று தெருமுனையில் பலகையே வைத்திருக்கிறார்கள். சொன்னால் மாட்டுவது நாங்களா நீயா என்றும் தெரியவில்லை. உடனே பதில் எழுது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானின் உடல்நிலை அறிந்து வருந்தினேன்.

அந்தத் தெருவைப் பற்றிச் சில விவரங்களைத் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நூற்று முப்பது வருடங்களுக்கு முன் துறைமுகக் குமாஸ்தாக்களுக்காக ஒரே ஒப்பந்தக்காரர் கட்டிய இருபத்து நான்கு வீடுகள் அவை. அவர் செங்கல்லை மிச்சம் பிடித்தார். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், அதுவும் ஒரு செங்கல் கனம்தான். தனியாக எந்த வீடும் நிற்காது. தோளோடு தோள் கொடுத்துத்தான் நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குறுக்கே ஒரு நடுச்சுவரை வைத்து இருபுறச் சுவர்களையும் சாயவிடாமல் பிடித்தார். மாடி உத்திரங்களும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெளியே பார்ப்பவர்களுக்கு ஜோடி ஜோடியான கதவுகளும் மாடி முகப்பின் இரும்புக் கைப்பிடியும்தான் தெரியும். எண் போடாத அந்தக் காலத்தில் அடையாளத்துக்காகக் கதவுக்கு மேல் சுண்ணாம்பில் செய்துவைத்த குடை, மீன், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் படம் பிடித்துப்போவார்கள். அந்தத் தெருவின் உயிர் நடுச்சுவர்களில் இருக்கிறது. இருபத்து மூன்று வீடுகளிலும் அது அப்படியே இருக்கிறது என்பதால்தான் தெருவுக்கு முதல் தரம் கிடைத்தது.

அப்படிப்பட்ட சுவரை யாரைக் கேட்டு இடித்தீர்கள்? அத்தானுக்கு வீடு கிடைத்ததும் போதவில்லையா?

அந்தக் கம்பெனி பட்டியலையே ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறது. ஜூலை இரண்டாம் தேதி விசாரணை. அரசுத் தரப்பில் நான்தான் சாட்சி. அதுவரை நடுச்சுவரைப் பற்றி யாரிடமும் பேசவேண்டாம். என் வரைபடம் எனக்குத் தெரிந்தவரை சரியானதே.

தம்பி


ஜூன் 13

தம்பி,

"தங்கள்" என்று எழுதியிருக்கிறாய். மூக்கு ஒழுகும்போது என் பாவாடையில் துடைத்தவன்.

பாடம் நடத்தியதற்கு நன்றி. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பூசி மெழுகாமல் சொல்: நீ அளக்க வந்தபோது இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாயா?

நீ தெருவை அளந்த அந்தப் பத்து நாளும் நான் ஜன்னலில்தான் இருந்தேன். எல்லா வீட்டுக்கும் போனாய். பதினாறாம் எண் டீச்சர் வீட்டில் மாடிப்படிகளைக்கூட எண்ணினாயாம். கடைசி நாள் எதிர்வீட்டுக் கடிகாரக்காரரின் படியில் உட்கார்ந்து எங்கள் வாசலைப் பார்த்துப் பார்த்து எதையோ வரைந்தாய். எப்படியும் உள்ளே வருவாய் என்று சமைத்து வைத்துவிட்டு மாலை வரை சாப்பிடாமல் இருந்தேன். பையை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

சுவரை ஏன் எடுத்தோம் என்று கேட்டாய். அப்பாவுக்காக எடுத்தோம். நீ வெளிநாட்டு வேலையில் இருந்தபோது அவருக்கு மூச்சுத் திணறல் முற்றிவிட்டது. மாடி ஏற முடியாது. நடு அறையில்தான் படுக்கை. நீ உயிர் என்று எழுதிய அந்தச் சுவர் அந்த அறைக்கு ஒரு பொட்டுக் காற்றுகூட விடவில்லை. "என்னைக் கொஞ்சம் தெருவப் பாக்க விடுங்கடா" என்று தினமும் கெஞ்சினார். முன்னறையில் கட்டில் போட்டால் கதவைத் திறக்க இடமில்லை. பதினான்கு அடி அகல வீடு, உனக்கே தெரியும். உன் அத்தான் மூன்று நாள் மண்ணிலும் தூசியிலும் நின்று சுவரை எடுத்தார். உத்திரத்துக்கு ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். இரண்டு அறையும் ஒன்றாகிக் கட்டிலும் நுழைந்தது. அப்பா பதினொரு மாதம் காற்று வாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் இறந்து அங்கிருந்தே கொண்டுபோனோம். நீ வந்தாய். வீட்டை என் பெயருக்கு எழுதியிருக்கிறார் என்று கேட்டதும் நடுத்தெருவில் நின்று கத்தினாய், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று. மிதித்திருந்தால் சுவர் இல்லாததைப் பார்த்திருப்பாய்.

அந்தக் குழாய் இப்போது வளைந்திருக்கிறது. வாசல் கதவு சட்டத்தில் பொருந்தவில்லை. உனக்கு ஈவிரக்கம் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் நடந்ததை எழுது.

அக்கா


ஜூன் 17

அக்கா,

உள்ளே வரவில்லை.

இருபத்திரண்டு வீடுகளை அங்குலம் அங்குலமாக அளந்தேன். நம் வீட்டை மட்டும் கடிகாரக்காரர் படியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து வரைந்தேன். பிறந்து வளர்ந்த வீடு, கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன், இதை அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்தத் திமிரில்தான் "நேரில் சென்று அளக்கப்பட்டது" என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டேன். பட்டியலில் அச்சானபோது அந்த ஒரு வரைபடத்தைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். அது எனக்கு இனித்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தெருவைப் பார்க்க ஆசைப்பட்டது எனக்குத் தெரியாது. யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அப்போதிருந்த புத்தியில் நான் படித்திருப்பேனா என்று தெரியவில்லை. உன் கடிதத்தின் அந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

ஆனால் இப்போது நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேள். ஒரு வரைபடம் பொய் என்றால் இருபத்து மூன்றும் பொய் என்று கம்பெனி வக்கீல் வாதிடுவார். அவருக்கு அது போதும். பட்டியல் போய்விடும். அடுத்த மாதமே வீடு வீடாக வந்து விலை பேசுவார்கள். இரண்டு பேர் விற்றால் மற்றவர்களின் சுவர்கள் தாமாகச் சாயும்; விற்காதவனும் விற்றாகவேண்டும். அந்த ஒப்பந்தக்காரன் மிச்சம் பிடித்த செங்கல் அப்படி. தெருவே இருக்காது அக்கா.

இரண்டாம் தேதிவரை தாங்கிக்கொள். பதினைந்து நாள். நான் சொல்கிறபடி முட்டுக் கொடு: கனமான மரத்தூண் நான்கு வாங்கு. தரையில் அகலப் பலகை, உத்திரத்தின் கீழும் பலகை, நடுவில் தூணை நிறுத்தி அடியில் இருபுறமும் ஆப்பு அடிக்கவேண்டும். ஒரேயடியாக அடிக்கக் கூடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. உத்திரத்தைத் தூக்க முயலாதே, தாங்கினால் போதும். கட்டிலை விரிசலிலிருந்து தள்ளி எதிர்ச் சுவர் பக்கம் போடு. யாரிடமும் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி


ஜூன் 22

தம்பி,

தச்சரைக் கூப்பிட்டேன். தெருவில் யாரும் கேட்டால் அலமாரி செய்ய வந்ததாகச் சொல்லச் சொன்னேன். நான்கு தூணையும் நிறுத்திவிட்டு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தோண்டுறத நிறுத்தினா இது தாங்கும். நிறுத்தலேன்னா இதுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

நிறுத்தவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு இயந்திரம் வருகிறது. அது மண்ணில் இறங்கும்போதெல்லாம் தூண்கள் முனகுகின்றன. உன் அத்தானுக்குப் பேச்சு சரியாக வராது, காது நன்றாகக் கேட்கும். கண்ணைக் கூரையை விட்டு எடுப்பதில்லை. நேற்று ஒரு காரைத் துண்டு அவர் போர்வைமேல் விழுந்தது. இடது கையால் அதைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீ பார்த்திருந்தால் பதினைந்து நாள் என்று எழுதியிருக்கமாட்டாய்.

இன்னொன்று. பதினாறாம் எண் டீச்சர் காலையில் வந்தார். அவர் வீட்டு அலமாரிக் கதவுகள் தாமாகத் திறந்துகொள்கின்றனவாம். "உங்க பக்கம் எதாச்சும் வேல நடக்குதா அக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவருடைய காது கேட்காத அப்பா படுத்திருக்கிறார். சுவர் விழும் சத்தம்கூட அவருக்குக் கேட்காது. முகத்துக்கு நேரே பொய் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் பார்த்தேன். கதவுதான் சாத்த வரவில்லையே.

உன் வழக்குத் தேதி இந்த வீட்டுக்குத் தெரியாது. நீ உடனே எழுதிக் கொடு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா


ஜூன் 25

அக்கா,

இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மாநகராட்சி ஆணையருக்கு எழுதியது. நம் வீட்டுக்குள் போகாமலே வரைந்தேன், நடுச்சுவர் இல்லை, உடனே தோண்டுவதை நிறுத்தி முட்டுக் கொடுக்கவேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மூன்று தடவை தபால் பெட்டிவரை போய்த் திரும்பினேன். ஆணையர் விலாசம் எழுதிய உறையைப் போடக் கை வரவில்லை. ஆறு வருடம் அலைந்து அந்தத் தெருவைப் பட்டியலில் ஏற்றினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதை என் கையாலேயே இடிக்கச் சொல்கிறாய்.

உன்னிடம் அனுப்புகிறேன். நிலைமையை நேரில் பார்ப்பவள் நீ. கொடுக்கவேண்டும் என்று தோன்றினால் மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடு. பொறுக்கலாம் என்று தோன்றினால் கிழித்துப் போடு. நீ எது செய்தாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

தம்பி


ஜூன் 28

தம்பி,

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நீ எழுதியதை நீ கொடு. தெருவைக் கவிழ்த்தவள் என்ற பெயரை என் தலையில் கட்டிவிட்டு நீ கையைத் துடைத்துக்கொள்ளப் பார்க்கிறாய். என்னைக் குறை சொல்லமாட்டாயாம். என்ன பெரிய மனசு.

கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு நம் வீட்டுக்கு வந்து உன் அத்தான் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். உன் அத்தானையும் அவர் அப்பாவையும் தெருமுனைப் படிப்பகத்தின் கீழ் அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

அதற்குப்பின் மறைக்க முடியுமா? மாலையில் தெருவே அங்கே கூடிவிட்டது. கடிகாரக்காரர்தான் இப்போது தெருச் சங்கத்தின் தலைவர். அமைதியாகத்தான் பேசினார். "வீட்டுல இப்ப யாரும் இல்ல. விழுந்தாலும் உயிர்ச்சேதம் இல்ல. நாலு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தா மத்த வீடெல்லாம் தப்பிக்கும்" என்றார். என் வீடு விழுந்தால் டீச்சர் வீடும் போகும் என்றேன். "ரெண்டு போனா இருபத்தொண்ணு நிக்கும்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். உன் அத்தான் கட்டிலிலிருந்து "நான்... இடிச்சேன்... நான்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எத்தனை வருடம் அவர்கள் வீட்டுக் குழாய்களையெல்லாம் கூலி வாங்காமல் பழுது பார்த்துக் கொடுத்தவர் அவர். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

நீயும் அவர்களும் ஒரே கணக்கைத்தான் போடுகிறீர்கள். ஆள் இல்லாத வீடு, விழட்டும்.

அதனால் ஆளாக நான் போய்விட்டேன். டீச்சர் தடுத்தார், கேட்கவில்லை. அவரைப் படிப்பகத்தில் இரண்டு கிழவர்களுக்கும் காவல் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். இதைத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இரண்டாம் தேதி நீ கூண்டில் ஏறி என்ன வேண்டுமானாலும் சொல். நான் உள்ளே இருப்பேன். மிரட்டல் என்று நினைத்தால் மிரட்டல்தான். எனக்கு வேறு வழி எதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை.

அக்கா


ஜூலை 2

அக்கா,

நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தடை உத்தரவை எடுத்துக்கொண்டு மதிய விமானத்தில் வரும் அதிகாரியிடம் இதையும் கொடுத்தனுப்புகிறேன். கடிகாரக்காரருக்குப் போன் செய்தேன்; என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். உன் போன் அணைந்திருக்கிறது. உத்தரவு உன் வாசலுக்கு வரும்போது இந்தக் கடிதமும் வரும். படித்து முடிக்க நிற்காதே. முதலில் வெளியே வா.

உன் கடிதம் நேற்று மாலைதான் வந்தது. பொய் சொல்லக் கூடாது: அதைப் படித்த பிறகும் இன்று காலை கூண்டில் ஏறும்வரை நான் முடிவு செய்யவில்லை. தெருவின் வரலாற்றைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒப்பந்தக்காரர், ஒரு செங்கல் சுவர், கதவுக்கு மேல் குடையும் மீனும், எல்லாம் தடையில்லாமல் வந்தது. நீதிபதி ரசித்துக் கேட்டார். கம்பெனி வக்கீல் எழுந்தார். பதினைந்தாம் எண் வீட்டில் விரிசல் என்று கேள்விப்படுகிறோமே, அங்கே ஆபத்து உண்டா என்று போகிற போக்கில் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது அக்கா. நடுச்சுவர் இருக்கிறது என்ற ஒரு வார்த்தை போதும், நாங்கள் ஜெயித்திருப்போம்.

வரைபடத்தின் மூலையில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். நீதிபதியே கேட்டார், அந்த வீட்டில் இப்போது யாராவது இருக்கிறார்களா என்று.

"எங்க அக்கா இருக்காங்க" என்றேன்.

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோண்டுவது இன்றே நிற்கவேண்டும், மாநகராட்சி இரும்பு முட்டுக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. பட்டியல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. முப்பது நாளுக்குள் இருபத்து மூன்று வீடுகளையும் புதிதாக அளந்து, ஒவ்வொரு வீட்டுக்காரரின் கையெழுத்தோடு கொடுக்கவேண்டும். இல்லையென்றால் ரத்து. என் அலுவலகம் ஆள் அனுப்பாது. என்னை இன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் யாரை வைத்து வேண்டுமானாலும் அளக்கலாம் என்று நீதிபதி சொன்னார். யார் அளப்பார்கள், யார் கையெழுத்துப் போடுவார்கள்? தெரு போய்விட்டது. நான்தான் கெடுத்தேன், ஒன்பது வருடத்துக்கு முன்பே.

நீ இதைப் படிக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது. வெளியே வா அக்கா.

தம்பி


ஜூலை 4

தம்பி,

வந்துவிட்டேன். அதிகாரி வாசலில் நின்று உத்தரவைப் படித்தார். நான் உன் கடிதத்தைப் படித்தேன். அரை மணி நேரத்தில் இயந்திரம் நின்றது. டீச்சர்தான் உள்ளே வந்து அணைத்துக் கூட்டிவந்தார். நேற்று எட்டு இரும்பு முட்டுகள் வைத்தார்கள். இன்ஜினியர் இந்தத் தடவை உள்ளே வந்தார். வீடு நிற்கும் என்கிறார், குடியிருக்க முடியாது என்கிறார். படிப்பகத்தில்தான் இருக்கிறோம். உன் அத்தான் நேற்று அயர்ந்து தூங்கினார்.

தெருவில் டீச்சரைத் தவிர யாரும் என் முகத்தில் விழிப்பதில்லை. கடிகாரக்காரர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். கம்பெனி ஆட்கள் நேற்றே மூன்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பேசியிருக்கக் கூடாதோ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை தோன்றுகிறது. போர்வைமேல் விழுந்த காரையும் உடனே ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டும் போகவில்லை. உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. தெரியவில்லை.

வேலை போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உனக்கு நேரம் இருக்கிறது. இருபத்தெட்டு நாள்தான் மிச்சம். கிளம்பி வா. உன்னைப் பார்த்தால் தெரு காறித் துப்பும், வந்து வாங்கிக்கொள். நீ அளக்க வந்தாய் என்றால் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். நான் கேட்டாலும் திறக்கமாட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போய் நிற்போம். திறக்கும்வரை நிற்போம்.

டீச்சர் வீட்டில் தொடங்கினால் சுலபம். வேண்டாம். கடிகாரக்காரர் வீட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

அக்கா